‘எடுத்தாச்சு’ என்ற சொல்லுக்குப் பிறகு

சனிக்கிழமை காலை பிரேபென் தோட்டத்துக் கம்பத்தில் கொடியை ஏற்றி, கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து அழகு பார்த்தான். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால்தான் அந்தக் கொடி ஏறும். அன்றைக்கு யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

“இதுவும் ஒரு பொறந்தநாள்தானே!” என்று சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

உள்ளே அவன் மனைவி போடில் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருமினாலும் சிரித்தாலும் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கும். தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைச் சிரிக்க வைக்கவே பாடுபட்டார்கள்.

பிரேபெனின் அக்கா யூட்டே மூன்றடுக்குக் கேக்கோடு வந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். காபி ஊற்றி முடிப்பதற்குள் பிரேபென் கதையைத் தொடங்கிவிட்டான். அவர்கள் ஊரான லெம்விக்கின் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின்களைப் பழுதுபார்க்கிறவன் அவன். எதைச் சொன்னாலும் அதில் ஒரு இஞ்சின் வந்துவிடும்.

“டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘கட்டிய முழுசா எடுத்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தம்’னாரு. அவ்ளோதான்! கெட்டுப்போன பார்ட்டக் கழட்டிப் போட்டாச்சு. இனி வண்டி ஓடும்.”

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றாள் யூட்டே. “போடில் மாதிரி மனதைரியம் இருந்தா எந்த வியாதியும் கிட்ட நிக்காது.”

எல்லோரும் போடிலைப் பார்த்தார்கள். அவள் புன்னகைத்தாள். வேறு என்ன செய்வது?

டாக்டர் அந்த வார்த்தைகளைச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. “கட்டியோட சேர்த்து அதைச் சுத்தியிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். அதுல ரெண்டுல புற்றுநோய் செல்கள் இருக்கு” என்றார். அந்த நேரத்தில் பிரேபென் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக டாக்டரிடம் கைகுலுக்கினான். “புற்றுநோய்ப் பிரிவிலேருந்து உங்களைக் கூப்பிடுவாங்க. ஏதாவது கேக்கணுமா?” என்று டாக்டர் போடிலைப் பார்த்துக் கேட்டார். அவளுக்குக் கேட்க நூறு இருந்தது. “ஒண்ணுமில்ல, ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டாள். மருத்துவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, பொழுது போகாதவர்கள்தான் கேள்வி கேட்பார்கள் என்று பழக்கப்பட்ட ஊர் அது. காரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காரில் ஏறியதும் பிரேபென் பாட ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சோதனை அறிக்கை அவள் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. போடில் வீட்டின் முன்னறையில் ஒரு சிறிய சலூன் நடத்தி வந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது மூடிக் கிடந்தது. வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்து அறிக்கையைப் படித்தாள். பாதிக்கு மேல் அவளுக்கு விளங்காத எழுத்துகளும் எண்களும்தான். பத்தொன்பது முடிச்சுகள், அவற்றில் இரண்டு என்பது மட்டும் புரிந்தது. மிச்சத்தை இணையத்தில் தேடினாள். யாரோ எந்த நாட்டிலோ போட்ட ஒரு வரைபடம் வந்தது. ஆண்டுகள் போகப் போக, பிழைத்திருப்பவர்களைக் காட்டும் கோடு கீழே கீழே இறங்கியது. கைப்பேசியை அழுக்குத் துண்டுக் கூடைக்குள் போட்டுவிட்டு, எதிரே கண்ணாடியில் தெரிந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே பிரேபெனிடம் பேச்சை எடுத்தாள். “அந்த முடிச்சு விஷயம்…” என்று அவள் தொடங்கும்போதே அவன் கையை உயர்த்தினான்.

“அதெல்லாம் சும்மா செக்கப்புக்காகச் சொல்றது. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? நல்லதையே நெனை. சரியாயிடும்.”

இப்போது, சனிக்கிழமை விருந்தின் நடுவே, கேக் வெட்டுகிற சாக்கில் போடிலோடு யூட்டே சமையலறைக்குள் வந்தபோது, போடில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “யூட்டே, ரெண்டு முடிச்சுல இருந்துச்சாம். முழுசா முடியல.”

யூட்டே கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டாள். “ஸ்ஸ்… இன்னிக்கு வேண்டாமே. அவனைப் பாரு, எவ்ளோ நாளைக்கப்புறம் இப்படிச் சிரிக்கிறான். நீதான் தைரியசாலியாச்சே.”

கூடத்தில் பிரேபெனின் சிரிப்பு கேட்டது. எல்லோருடைய சந்தோஷத்தையும் தான் ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், கையை எடுத்தால் அத்தனையும் சரிந்துவிடும் என்று போடிலுக்குத் தோன்றியது. கேக்குத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அடுத்த வாரம் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனார்கள். போகும்போதுகூட பிரேபென், “அஞ்சு நிமிஷ வேலை. முடிச்சிட்டுத் துறைமுகத்துல மீன் வறுவல் சாப்பிடலாம்” என்றான். அங்கே ரிக்கே என்ற டாக்டர், நாற்பது வயதிருக்கும், மழையில் சைக்கிள் மிதித்து வந்த ஈரக் காலணியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டி எதுவும் இப்ப உங்க உடம்புல இல்ல. அது நல்ல செய்தி. ஆனா ரெண்டு முடிச்சு வரைக்கும் செல்கள் வந்திருக்கு. அதையும் தாண்டி வேற எங்கயாவது ஒண்ணு ரெண்டு போயிருக்கான்னு எந்த ஸ்கேனும் காட்டாது. அதுக்காகத்தான் கீமோ.”

பிரேபென் வெளிறிப் போனான். “அப்ப மிச்சம் இருக்குன்னா சொல்றீங்க? எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே!”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றாள் ரிக்கே. “உங்கள மாதிரி நூறு பேர எடுத்துக்கோங்க. ஏறக்குறைய அறுபது பேருக்கு ஆபரேஷனே போதும். அது திரும்ப வராது. மாத்திரை மட்டும் சாப்பிட்டா இன்னும் ஒரு பத்து பேர் தப்பிப்பாங்க. மாத்திரையோட ஊசி மருந்தும் ஏத்தினா அதுக்குமேல நாலஞ்சு பேர். இதெல்லாம் உத்தேசக் கணக்குதான். அந்த ஊசி மருந்து நரம்பப் பாதிக்கும். விரல் நுனி, பாதமெல்லாம் மரத்துப்போகும். நிறையப் பேருக்கு மெல்ல மெல்லச் சரியாகும். சிலருக்கு நிரந்தரமாத் தங்கிடும்.”

போடில் தன் விரல்களைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த விரல்கள். ஈர முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் இழுத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டே நீளம் சொல்லிவிடுகிற விரல்கள்.

“இருக்கிறதுலயே பலமானதக் குடுங்க” என்றான் பிரேபென். “எல்லாத்தையும் குடுங்க. இவ தாங்குவா.”

“போடில், நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“அவளும் அதத்தான் நெனைப்பா” என்றான் பிரேபென்.

ரிக்கே அவன் பக்கம் திரும்பவே இல்லை. போடில் தலையாட்டினாள்.

“நீங்க தலையாட்டுறீங்க. எதுக்கு ஆட்டுறீங்கன்னு எனக்குத் தெரியல” என்றாள் ரிக்கே மெதுவாக. “ஒரு வாரம் எடுத்துக்கோங்க. அதுக்கு மேல ரொம்பத் தள்ள வேண்டாம்.”

திரும்பி வரும்போது பிரேபென் பாடவில்லை. வெகுதூரம் வந்த பிறகு, “நாளைக்கே போன் பண்ணி, பலமான மருந்தே வேணும்னு சொல்லிடலாம்” என்றான்.

“பிரேபென், டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் போடில்.

“என்ன சொன்னாங்கன்னா? நீயும்தானே இருந்த.”

“நீ சொல்லு. உன் வாயால சொல்லு. நூறு பேர்னு ஒரு கணக்குச் சொன்னாங்களே, அது என்ன?”

அவன் வாயைத் திறந்தான். வைப்பர் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. “மிச்சம் இருக்குன்னாங்க… மருந்து இருக்குன்னாங்க…”

“என் விரலப் பத்தி என்ன சொன்னாங்க?”

“விரலா?”

அவன் உண்மையாகவே விழித்தான். போடிலுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. தலையணை இல்லாததால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரேபென் வண்டியை ஓரங்கட்டினான். சாலைக்குக் கீழே கடற்கழி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

“ஒனக்கு எப்பவுமே மொத வார்த்தைதான் காதுல விழுது” என்றாள் அவள். “அன்னிக்கு ‘எடுத்தாச்சு’ன்னு கேட்டுட்டுக் கொடியேத்தின. இன்னிக்கு ‘மிச்சம்’னு கேட்டுட்டு எல்லாத்தையும் குடுங்கன்னு சொல்ற. ரெண்டு தடவையும் நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? வயித்த வெட்டினது எனக்கு. மரத்துப்போகப் போறது என் விரல். பயத்துல சாகுறது நான். நீங்கெல்லாம் சேர்ந்து என்னத் தைரியசாலி, தைரியசாலின்னு சொல்லி என் வாய அடைச்சிட்டீங்க.”

பிரேபென் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தான். “எனக்குக் காதே கேக்கல போடில். அங்க உக்காந்ததும் உள்ள ஒரே இரைச்சல். மூடி போடாத இஞ்சினுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி. அன்னிக்கும் அப்படித்தான். அவரு ‘எடுத்தாச்சு’ன்னதும் அதப் புடிச்சிக்கிட்டு வெளிய ஓடி வந்துடணும்னு இருந்துச்சு. இன்னொரு வார்த்தை பேசிட்டா அதையும் புடுங்கிடுவாரோன்னு பயம்.”

“பயம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? உன்னப் பயமுறுத்தக் கூடாதுன்னுதானே…”

“நான் உன்னப் பயமுறுத்தக் கூடாதுன்னு நெனைச்சேன்” என்றாள் போடில்.

ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் இத்தனை நாளும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனைத் தாதியை அங்கிருந்தே போனில் கூப்பிட்டு, டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள் போடில். “எல்லாத்தையும் திரும்ப மொதல்லேருந்து சொல்லச் சொல்லலாமா? தொந்தரவு இல்லயே?” என்று கேட்டாள். “நிறையப் பேர் கேக்கறதே இல்ல. நீங்க கேட்டது நல்லது” என்றாள் தாதி.

இரண்டாவது முறை பிரேபென் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்படி இருக்க அவன் படுகிற பாடு போடிலுக்கே தெரிந்தது.

“அந்த நூறு பேர்ல நான் எந்தப் பக்கம்?” என்று போடில் கேட்டாள்.

“எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கீமோ எடுத்துக்கிட்டாலும் அது ஒங்களுக்குத் தேவையா இருந்துச்சா, இல்லயான்னு கடைசி வரைக்கும் தெரியாது.”

“விரல் மரத்துப்போக ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தலாமா?”

“ஊசிய நிறுத்திட்டு மாத்திரைய மட்டும் தொடரலாம். அளவக் குறைக்கலாம். ஆனா மரத்துப்போறத நீங்க உடனே சொல்லணும். பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது.”

“எதுவுமே வேண்டாம்னு சொன்னா?”

“அப்பவும் ஒங்களுக்கு நான்தான் டாக்டர்” என்றாள் ரிக்கே.

போடிலுக்கு அந்த ஒரு பதில் போதுமாயிருந்தது. தன்னை யாரும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை என்று தெரிந்ததும் யோசிக்க முடிந்தது. நான்கு சுற்று ஊசி என்பது கணக்கு. தொடங்குகிறேன், விரல் போகிறது என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையோடு நிற்பேன் என்றாள். அப்போதுதான் பிரேபென் முதல்முறையாகப் பேசினான். “வீட்டுல நான் என்ன பண்ணணும்?”

“ஊசி ஏத்தின பிறகு குளிர் பட்டா விரல்ல முள்ளாக் குத்தும், அதனால குளிர்ந்தது எதையும் அவங்க தொட வேண்டியதில்லாமப் பாத்துக்கோங்க” என்றாள் ரிக்கே. “அப்புறம், எப்படி இருக்குன்னு கேளுங்க. கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் இருங்க.”

அந்த இலையுதிர்காலம் கடுமையாகவே இருந்தது. ஊசி ஏற்றிய சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுத்தால்கூடப் போடிலின் விரல்களில் முள் குத்தியது. மேற்குக் கடற்காற்று தொண்டைக்குள் கண்ணாடித் தூளாக இறங்கியது. கம்பளிக் கையுறையோடு படுத்தாள். பிரேபென் தினமும் காலையில், “எப்படி இருக்கு?” என்று கேட்டான். “மோசமா இருக்கு” என்று அவள் சொன்னால் முன்பு போல் “சரியாயிடும்” என்ற சொல் அவன் வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, “எங்க, எப்படி?” என்று கேட்கக் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் தேறியிருந்த ஒரு நாள், யூட்டே வந்து முடி வெட்டச் சொன்னாள். போடிலுக்கும் ஆசைதான். நாற்காலியில் உட்கார வைத்து, துண்டு போர்த்தி, வெட்டத் தொடங்கினாள். கண்ணாடியில் யூட்டே முகம் சுளிப்பதைப் பார்த்த பிறகுதான், அவள் காதோரம் ரத்தம் வருவதைப் போடில் கவனித்தாள். கத்தரிக்கோல் பட்டது விரலுக்குத் தெரியவே இல்லை.

“பரவால்ல விடு, சின்னக் கீறல்தான். தைரியமா இரு” என்றாள் யூட்டே, காதைத் துண்டால் அழுத்திக்கொண்டு.

“யூட்டே, என்னத் தைரியமா இருக்கச் சொல்லாத.” போடில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “பயமா இருக்குன்னு நான் சொன்னா, ஆமாம்னு கேட்டுக்கிட்டு உக்காரு. அது போதும் எனக்கு. அன்னிக்குச் சமையலறையில சொல்ல வந்தேன். நீ கேக்கல.”

யூட்டே துண்டோடு எழுந்து வந்து, மரத்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வெட்டிய தலையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாளே போடில் மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னாள். கடைசி ஊசியை விட்டுவிடலாம், மாத்திரையை முடித்துவிடலாம் என்று ரிக்கேயும் அவளும் பேசி முடிவெடுத்தார்கள். அதைச் சொன்னபோது பிரேபென் கையில் இருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தான்.

“நிறுத்தினா அது திரும்ப வந்துடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

“எனக்கும்தான்.”

“ஆனா முடிவு உன்னோடது.”

“ஆமாம். நீ பயந்துக்கிட்டே பக்கத்துல இரு.”

வசந்தத்தில் எடுத்த ஸ்கேனில் எதுவும் தென்படவில்லை. அதைக் கேட்டதும் போடில், “எதுவும் தென்படலன்னா என்ன அர்த்தம்? இனி எப்ப எப்ப வந்து பாக்கணும்?” என்று கேட்டாள். குறைந்தது மூன்று வருஷம் கண்காணிக்க வேண்டும், அதற்குள் அது திரும்ப வரவும் செய்யலாம், பெரும்பாலும் வராமலே போகலாம் என்று ரிக்கே சொன்னாள். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி பாதி திரும்பியிருந்தது. மற்றவற்றில் இன்னும் இல்லை. போடில் சலூனை வாரத்துக்கு இரண்டு நாள் திறந்தாள். சவரக்கத்தி வேலைகளை விட்டுவிட்டாள். சில இரவுகளில் பழைய பயம் வந்து நெஞ்சில் உட்காரும். பிரேபெனை எழுப்பிச் சொல்வாள். அவன் எழுந்து உட்கார்ந்து கேட்பான்.

மே மாதத்தில் ஒரு நாள் இருவரும் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது, பிரேபெனோடு பட்டறையில் வேலை பார்க்கும் ஹோல்கர் எதிரே வந்தான். அவன் மனைவி சன்னேவுக்கு மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது அவர்களுக்குத் தெரியும். ஹோல்கரின் முகம் பளபளவென்றிருந்தது.

“ரிசல்ட் வந்துடுச்சு!” என்றான். “முழுசா எடுத்தாச்சாம். சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வந்துடுங்க, ஒரு சின்ன விருந்து.”

போடில் பிரேபெனைப் பார்த்தாள். அவன் ஹோல்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆனால் விடவில்லை.

“ரொம்ப சந்தோஷம் ஹோல்கர். அதுக்கப்புறம் டாக்டர் என்ன சொன்னாரு?”

“அப்புறம் என்ன… ஏதோ மருந்து, ரேடியேஷன்னு சொன்னாரு. அதெல்லாம் வழக்கமாச் சொல்றதுதானே.”

“சன்னே என்ன சொல்றா?”

ஹோல்கர் விழித்தான். “சன்னேவா? அவ என்ன சொல்லுவா? சந்தோஷமாத்தான் இருக்கா. ரொம்பத் தைரியசாலி அவ.”

“நீ அவகிட்ட கேட்டியா?”

“இல்ல… கேக்கல.”

“விருந்து இருக்கட்டும். மொதல்ல வீட்டுக்குப் போய் அவகிட்ட கேளு” என்றான் பிரேபென். “நானும் உன்ன மாதிரிதான் ‘எடுத்தாச்சு’ங்கற ஒரு வார்த்தையப் புடிச்சிக்கிட்டு ஓடினவன். டாக்டர் சொல்றத முடிவு வரைக்கும் கேக்கணும் ஹோல்கர். புரியலன்னா திரும்பக் கேக்கணும், அதுல வெக்கமே இல்ல. அதவிட முக்கியம், யாரு உடம்போ அவங்கள முதல்ல பேச விடணும். நாம பயத்த மறைக்கிறதுக்காக அவங்க வாய மூடிட்டோம்னா, வியாதி குடுக்கிற வலிய விட நாம குடுக்கிற வலிதான் பெருசு.”

ஹோல்கர் எடுத்த பொருட்களை அப்படியே கூடையோடு வைத்துவிட்டு, கைப்பேசியைத் தேடிக்கொண்டே வாசலை நோக்கி வேகமாக நடந்தான்.